என் வியாதியை என் மகனிடம் சொன்ன டாக்டர்

டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நானும் என் மகனும். வியாதி எனக்கு. ஸ்கேன் படத்தில் வீங்கித் தெரிந்த பிராஸ்டேட் சுரப்பி என்னுடையது. ஆனால் அவர் பேசியதெல்லாம் என் மகனிடம், அதுவும் இங்கிலீஷில். நடுநடுவே என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்ல பெரியவரே, லேசர்ல சுட்டுடலாம்" என்று சிரித்தார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அவர் என்னைவிட ஆறேழு வயது சின்னவராக இருந்தால் அதிகம். பெரியவராம்!

நான் மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்கூல் என்றால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, வாசலில் இரட்டை பிரேக் வைத்த ஒரு பழைய கார். முதலாளியும் நான்தான், வாத்தியாரும் நான்தான். விடிந்ததும் கிளம்பினால் அடையாறு, ஆழ்வார்பேட்டை, பீச் ரோடு என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். அடுத்தவர் உயிரையும் என் உயிரையும் வலது காலடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் தொழில். அதில் நினைத்தபோதெல்லாம் மூத்திரத்துக்கு இறங்க முடியாது.

ஐம்பத்தைந்து தாண்டியதிலிருந்து தொந்தரவு ஆரம்பித்தது. முட்டிக்கொண்டு போய் நின்றால் வராது. வந்தால் நூல் மாதிரி வரும். முடிந்தது என்று பேண்ட்டைப் போட்டால் மறுபடியும் முட்டும். எந்தப் பெட்ரோல் பங்கில் பின்பக்கம் போக விடுவார்கள், எந்த ஓட்டலில் முறைக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. பாடம் நடத்தும் வழியையே அதை வைத்துத்தான் போட்டேன். வாத்தியார் ஏன் தினமும் அதே பங்க் பக்கம் லெஃப்ட் எடுக்கச் சொல்கிறார் என்று கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குப் புரிந்திருக்காது.

ஒரு நாள் அடையாறு பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு லாரி படுத்துவிட்டது. பின்னால் பஸ். ஸ்டியரிங்கில் இருந்தது நாற்பது வயதுள்ள ஒரு பாங்க் அதிகாரி அம்மாள். நான் பல்லைக் கடித்தேன், காலைக் குறுக்கிக்கொண்டேன், பாலத்துக் கைப்பிடிச் சுவரை வெறித்துப் பார்த்தேன். லாரி நகரவில்லை. கடைசியில் பேண்ட் நனைந்தது, சீட்டும் நனைந்தது. அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். லாரி நகர்ந்ததும், நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே, நேராக ரோட்டைப் பார்த்தபடி, ஸ்கூலுக்கு அடுத்த தெருவிலிருந்த என் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிவந்து நிறுத்தினார். "நாளைக்கு கிளாஸ் வேணாம் சார், எனக்கும் ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். அதுவரை மறைத்துவைத்திருந்ததை அன்றைக்குத்தான் என் மனைவியிடம் சொன்னேன். அவள் நங்கநல்லூரில் தனிக்குடித்தனம் இருந்த மகனுக்குப் போன் செய்தாள். அவன் தி.நகரில் இந்த டாக்டரைப் பிடித்தான்.

அப்போது லேசர் புதிது. பழைய முறையில் குழாய் வழியாகக் கருவியை விட்டு, பெருத்த சதையைச் சுரண்டி எடுப்பார்கள். ரத்தம் போகும், நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். லேசர் என்றால் கத்தியே கிடையாது, ரத்தம் கிடையாது என்றார் டாக்டர். அவர் என் மகனோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தபோது நான் குறுக்கே புகுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"டாக்டர், செஞ்சதுக்கு அப்புறம் எப்படி இருக்கும்?"

"ஜம்முனு இருக்கும். மறுநாள் வீடு. ஒரு வாரத்துல நீங்க வண்டி எடுக்கலாம்."

நான் நம்பினேன். படித்தவர், வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

பங்குனி மாதத்தில் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையது இல்லாத மாதிரி மரத்துப்போனது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரும் உதவியாளரும் கிரிக்கெட் பேசிக்கொண்டே வேலையை முடித்தார்கள். வலி இல்லை, உண்மை. மறுநாள் காலையில் மூத்திரக் குழாயில் போட்டிருந்த டியூபை எடுத்தார்கள். கொஞ்சம் போயிற்று, எரிச்சலோடு. டாக்டர் வந்து, "பாத்தீங்களா, சொன்னபடி மறுநாளே வீடு" என்று என் மகனிடம் கை குலுக்கினார். மகன் எங்களை வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். முட்டியது. போய் நின்றேன். சொட்டு வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். அடிவயிறு கல் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. இதற்கு முன்பெல்லாம் நூல் மாதிரியாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை. வலி என்றால் நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. என் மனைவி தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்துவந்தாள்.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததுமே, "இன்னா பெர்சு, வயித்து வலியா?" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "இன்னிக்கு அறுபத்துமூவர்மா. லஸ் பக்கம் ஃபுல்லா அடைச்சு வெச்சுக்கீறான். சுத்திக்கினுதான் போவணும், பரவால்லியா?" என்றார்.

அன்றைக்கு உற்சவம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள் என் மனைவி; அவளுக்கே மறந்துபோயிருந்தது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஜனம். கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, பலூன் வாங்கிக்கொண்டு, சாமி பார்க்கப் போகும் ஜனம். ஒவ்வொரு குலுங்கலுக்கும் உயிர் போய் வந்தது. ஒரு தண்ணீர்ப்பந்தல் பக்கத்தில் ஆட்டோ நின்றுபோக, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த ஒருவர் ஆட்டோவுக்குள்ளேயே கையை நீட்டி, "மோர் சாப்பிடுங்க சார், வெயில்ல முகமே வாடிப்போச்சு" என்றார். நான் வேண்டாம் என்றேன். "சாமி பிரசாதம் மாதிரி சார், வேணாம்னு சொல்லக் கூடாது" என்று டம்ளரை என் வாயருகே கொண்டுவந்தார்.

என் மனைவி ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "அவருக்கு மூத்திரம் வரலப்பா! அடைச்சுக்கிட்டு இருக்கு! மோர ஊத்துறியா நீ? வழி விடுங்க எல்லாரும்!" என்று கத்தினாள். அவள் பிறந்த ஊரில், பாதித் தெருவுக்கு அவளைத் தெரியும் இடத்தில். சிலர் சிரித்தார்கள். மோர் கொடுத்தவர் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு ஆட்டோவுக்கு முன்னால் நடந்து, கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி, பெரிய ரோடு வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் டியூபைப் போட்டார். போட்டதும் மூத்திரம் இறங்கிய வேகத்தில், டியூபில் மாட்டியிருந்த பை ததும்பியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, "ஏன் டாக்டர் இப்படி ஆச்சு? ஆபரேஷன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"சேச்சே, இது ஆகறதுதான் சார். லேசர்ல சுட்ட சதை உடனே போயிடாது. முதல்ல வீங்கும், வழிய அடைக்கும். அப்புறம் வெந்த சதை கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து மூத்திரத்துல வரும். ரெண்டு மூணு வாரம் டியூபோட இருக்கறதெல்லாம் சகஜம். ஏன், உங்களுக்குச் சொல்லலையா?"

மறுநாள் வீடு. ஒரு வாரத்தில் வண்டி. இதுதான் எனக்குச் சொன்னது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒரு மனிதன் ஐந்து நிமிஷத்தில் எனக்குச் சொல்லியிருக்கலாம். காலில் கட்டிய பையோடு வேட்டியில் நடமாட வேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் என் மனைவி அந்தப் பையை ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் போட்டு மறைத்துவைப்பாள். திடீர் திடீரென்று அடிவயிறு சுண்டி இழுக்கும். டியூப் இருக்கும்போதே மூத்திரம் முட்டுவது போலத் துடிக்கும். ஒரு நாள் காலையில் பையில் இளஞ்சிவப்பாக இறங்கியது. நான் போய்ச் சேரும் நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எடுத்த நர்ஸ், "அப்படித்தான் இருக்கும்மா, நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றார். சதைத் துணுக்குகள் வந்தபோது மறுபடி போன். "அப்படித்தான் இருக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது; கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அது யார் உடம்பில் நடக்கப்போகிறதோ அவனுக்கு மட்டும் தெரியாது!

டியூபை எடுத்த பிறகு முன்பைவிட மோசமாக இருந்தது. அரை மணிக்கொரு தடவை ஓட்டம். மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். ஆபரேஷனுக்கு முன்பே தேவலையாக இருந்ததே என்று தோன்றியது. டிரைவிங் ஸ்கூல் கதவில் பூட்டு தொங்கியது. கற்றுக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். அந்தப் பாங்க் அம்மாள் மட்டும் போன் செய்து, தான் காத்திருப்பதாகச் சொன்னார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். லேசர் வேலை செய்தது. சித்திரை போய் வைகாசியில் எரிச்சல் அடங்கியது. ஆனி பிறந்தபோது, ஒரு காலையில், நின்றதும் வந்தது. தடையில்லாமல், சத்தத்தோடு, இருபது வயதில் வந்தது போல வந்தது. சமையலறையிலிருந்த என் மனைவிக்கே கேட்டு அவள் சிரித்தாள். அந்த டாக்டரின் கையில் திறமை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். நல்ல வேலையைச் செய்துவிட்டு அதை ஒரு ஏமாற்று வேலை மாதிரி என்னை உணரவைத்தார்.

இன்னொன்று இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் எனக்கும் அந்த டாக்டருக்கும் வித்தியாசம் இல்லை. உடம்பு தேறிய பிறகு நானும் என் மனைவியும் மறுபடி நெருங்கினோம். எல்லாம் முன்பு போலவேதான் இருந்தது. ஆனால் முடிவில் ஒன்றும் வெளியே வரவில்லை. சுகம் இருந்தது, நீர் இல்லை. நான் பயந்துபோனேன். உள்ளே எதையோ சேர்த்துச் சுட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் பக்கமே போகாமல் ஹாலில் பாய் விரித்துப் படுத்தேன். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். சொன்னேன். "இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க? கிளம்புங்க, போய்க் கேப்போம்" என்றாள்.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த ஹாலில் என் பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, நறுக்கிய தாடி. ராயப்பேட்டையில் மெத்தை வியாபாரம் என்றார். கையில் அதே ஸ்கேன் உறை.

"இன்னா சார், உங்களுக்கு ஆயிடுச்சா? லேசரா?"

"ஆயிடுச்சு பாய்."

"மறுநாளே வூட்டுக்குப் போலாமாமே?"

நான் அவருக்குச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் வீங்கும் என்றேன். டியூபைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள் என்றேன். எரியும், துணுக்கு வரும், கொஞ்சம் ரத்தம் வந்தாலும் வரும், மோசமாவது போல இருந்து அப்புறம்தான் தேறும், அதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், வியாபாரத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். கடைசி விஷயத்தையும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பாய் அசையாமல் கேட்டார். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

"சார், என்ன சார் நீங்க, பேஷண்ட்ட பயமுறுத்துறீங்க? பேசாம உக்காருங்க!"

எனக்கு முன்னால் பாய் அவருக்குப் பதில் சொன்னார். "நான் இன்னாத்துக்குமா பயப்படணும்? இன்னா ஆவும்னு தெரியாமதான் இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். நானும் என் மனைவியும் போனோம். டாக்டர் என் பின்னால் கதவைப் பார்த்தார். "சன் வரலையா?" என்றார்.

"உடம்பு என்னுது டாக்டர். எங்கிட்ட பேசுங்க" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் லேசாகச் சிரித்தார். "அது ஒண்ணும் இல்ல. வெளியே வர வேண்டியது பின்னாடி மூத்திரப்பைக்குள்ள போயிடுது. அப்புறம் மூத்திரத்தோட தானா வந்துடும். உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்ல. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு அப்படி ஆகும்."

"சரி. முன்னாடியே ஏன் சொல்லல?"

"இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பேசிவிட்டாள். "எந்த வயசுல டாக்டர்? எனக்கு அம்பத்தொண்ணு. எங்களுக்கு எது வேணும், எது வேணாம்னு நீங்க எங்களக் கேக்கவே இல்லையே?"

டாக்டரின் முகம் சிவந்தது. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "எல்லாத்தையும் முன்னாடியே சொன்னா பேஷண்ட் ஓடிடுவாங்கம்மா" என்றார்.

"டாக்டர், நான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறவன்" என்றேன். "கிளட்ச்ச விட்டா வண்டி குலுங்கும்னு முதல் நாளே சொல்லிடுவேன். சொன்னதுக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் ஓடிப்போகல. சொல்லாம குலுங்கினாத்தான் ஸ்டியரிங்க விட்டுட்டுக் கத்துவாங்க. உங்க வைத்தியத்து மேல எனக்குக் குறை இல்ல. என்னை மனுஷனா மதிச்சு ரெண்டு வார்த்தை சொல்லல, அதுதான் குறை."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "உங்க சன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேனே சார். டியூப், எரிச்சல், இது, எல்லாமே. அவர் உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

அன்றைக்கு என் தலைக்கு மேலே ஓடிய இங்கிலீஷ் அத்தனையும் அதுதான். என் மனைவி எழுந்துவிட்டாள். "அப்ப வியாதிக்காரன் அவனா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். நேராகக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"சொன்னாருப்பா. டியூப் போட்டுக்கிட்டு வாரக்கணக்குல இருக்கணும்னு தெரிஞ்சா நீங்க வேணாம்னுடுவீங்கன்னு பயந்துட்டேன். மறுநாளே டியூப எடுத்ததும் உங்களுக்கு அந்தப் பிரச்சினையே வராதுன்னு நினைச்சேன்."

"இன்னொண்ணு?"

"அத எப்படிப்பா நான் உங்ககிட்ட சொல்றது?"

"அதை என்கிட்ட சொல்ல உனக்குக் கூச்சம். சரி. அப்ப அந்த டாக்டர் வாய அடைச்சிருக்கணும் இல்ல? 'எங்கப்பா பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, அவருகிட்ட பேசுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் தோணல பாரு. பயப்படறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்டா. என் உடம்பு."

குரல் தெரு வரைக்கும் போயிருக்கும். அவன் எழுந்தான். சாப்பிடாமலே போனான். என் மனைவி அவனைத் தடுக்கவில்லை. அவன் போன பிறகு அழுதாள்.

பாய் ஆபரேஷன் செய்துகொண்டார். எங்கள் வீட்டுப் போன் நம்பரை வாங்கிவைத்திருந்தார். ஒரு நாள் கூப்பிட்டார். "டியூபோடதான் கீறேன் சார். டாக்டர் மறுநாளே எடுத்துடலாம்னாரு. நான்தான் வேணாம் சார், வீக்கம் வடியட்டும்னேன். ஒரு மாதிரியா பாத்தாரு. அப்பால சரின்னுட்டாரு." நன்றாகச் சிரித்தார். வலி இல்லையா என்று கேட்டேன். "எரியுது சார். நீங்க சொன்னா மாதிரியே எரியுது" என்றார்.

நான் வண்டியை மறுபடி எடுத்தேன். முதல் பாடம் அந்தப் பாங்க் அம்மாளுக்குத்தான். அடையாறு பாலம் வழியாகவே போனோம்.

மகன் ஒரு மாதம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு என் எதிரில் பாயில் உட்கார்ந்தான். மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டான்.

"இப்ப எப்படிப்பா போகுது?"

என் முப்பது வயது மகன் என்னிடம் நேரடியாக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. அதனாலேயே ஒன்றைக்கூடக் குறைக்காமல் சொன்னேன். எவ்வளவு வேகமாகப் போகிறது, எரிச்சல் எப்போது நின்றது, தும்மினால் என்ன ஆகிறது என்று எல்லாம் சொன்னேன். அவன் காது சிவந்துபோனது. ஆனாலும் எழுந்து போகவில்லை, கடைசி வரைக்கும் கேட்டான்.